பத்துக் காசில் எழுந்த வங்கி



வங்கியாளர் என்றதும் நம் மனக்கண்முன் எழும் உருவம் எது? பளிங்குத் தரையும், இரும்புப் பெட்டகமும், ஏழையைக் கண்டால் சற்றே சுருங்கும் புருவமும்தாம் பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. ஏழையின் பக்கம் நின்ற வங்கியாளர் ஒருவர் உண்டென்றால், அது எங்ஙனம் இயலும் என்றே பலர் கேட்பர். ஆயினும் தம் இல்லத்தையே வங்கியாக்கி, அதற்கென ஒரு காசும் ஊதியம் பெறாமல், கூலித் தொழிலாளரின் சில்லறைக் காசுகளைக் கொண்டே பெரியதோர் இயக்கத்தைக் கட்டியெழுப்பிய கத்தோலிக்கக் குடும்பத் தலைவர் ஒருவர் இருந்தார். கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த அல்போன்ஸ் தெஜார்தேன் என்பாரே அவர். இத்திங்கள் அவர்தம் வாழ்வை நாம் சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

வறுமையில் பிறந்தவர்

புனித லாரன்ஸ் ஆற்றின் ஒரு கரையில் கியூபெக் மாநகரம். அதற்கு நேர் எதிர்க்கரையில் லெவி என்னும் சிற்றூர். அவ்வூரில் 1854-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் அல்போன்ஸ் பிறந்தார். பதினைந்து மக்களைப் பெற்ற குடும்பத்தில் அவர் எட்டாவது பிள்ளை. தந்தையின் வருவாய் போதவில்லை. தாய் கிளாரிஸ் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து பிள்ளைகளைக் காத்தார். வறுமை என்பது நூல்களில் படித்தறிந்த பொருளன்று அவருக்கு. அடுப்பங்கரையில் அன்றாடம் கண்டறிந்த உண்மை.

லெவிக் கல்லூரியில் பயின்ற அவர், பதினாறாம் வயதளவில் படிப்பை நிறுத்த நேர்ந்தது. சிறிது காலம் படைப்பணியில் இருந்தார். பின்னர் இதழாளர் ஆனார். 1879-ஆம் ஆண்டு சோரேல் நகரில் தோரிமேன் என்னும் நங்கையைக் கைப்பிடித்தார். அவ்வாண்டு முதலே கியூபெக் சட்டமன்ற விவாதங்களைத் தொகுத்து வெளியிடும் பணியும் அவருக்குக் கிடைத்தது. பத்தாண்டுகள் அதனைத் திறம்படச் செய்தார். அரசு மாறிய பின் அந்தப் பணி பறிபோயிற்று. 1891-இல் சொந்தமாக ஒரு நாளிதழ் தொடங்கினார். அது சில திங்களிலேயே நின்றுபோயிற்று. குடும்பமோ பெருகிக்கொண்டிருந்தது, அவருக்கும் தோரிமேனுக்கும் பிறந்த மக்கள் பதின்மர். வேலையிழந்த குடும்பத் தலைவனின் நெஞ்சில் இரவு வேளைகளில் என்ன ஓடும் என்பதை அந்நாட்களில் அவர் தாமே உணர்ந்திருப்பார்.

1892-ஆம் ஆண்டு ஒட்டாவாவிலுள்ள கனடா நாடாளுமன்றத்தில், பிரெஞ்சு மொழி உரைகளைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்யும் அலுவல் அவருக்குக் கிடைத்தது. அவைக்கூட்டம் நடக்கும் திங்களெல்லாம் ஒட்டாவாவில். எஞ்சிய காலம் லெவியில், மனைவி மக்களோடு. 1917-இல் ஓய்வு பெறும் வரை இவ்வாறே அவர் வாழ்வு நடந்தது. பிறர் பேசுவதை எழுதிக்கொள்வதே அவர் தொழில். ஆயின் எழுதிய பேச்சொன்று ஒரு நாள் அவர் வாழ்வையே திருப்பிவிட்டது.

நூற்றைம்பது டாலர் கடன்

1897-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள். கொடுவட்டியை ஒடுக்கச் சட்டம் வேண்டும் என்று மைக்கேல் குவின் என்ற உறுப்பினர் அவையில் பேசினார். மான்ட்ரியல் நகரத்தார் ஒருவர் 150 டாலர் கடன் வாங்கியிருந்தார். அதற்கு வட்டியாக 5,000 டாலர் செலுத்துமாறு நீதிமன்றம் அவருக்கு ஆணையிட்டதாம்! இதனைக் குவின் எடுத்துரைத்தபோது தெஜார்தேன் அதிர்ந்துபோனார்.

அக்காலத்தில் கனடாவில் வங்கிகள் இல்லாமலில்லை. ஆனால் அவை வணிகர்க்கும் தொழிலதிபர்க்கும் உரியவையாயிருந்தன. விதைக்கப் பணம் வேண்டிய உழவனுக்கும், நோயுற்ற பிள்ளைக்கு மருத்துவம் பார்க்க வேண்டிய தொழிலாளிக்கும் அங்கே இடமில்லை. சிற்றூர் மக்கள் சேமித்த பணமும் நகரங்களுக்கே சென்று அங்குள்ள பெருவணிகத்துக்குப் பயன்பட்டது. சிற்றூரானுக்கு அவசரம் வந்தபோது அவனுக்குத் திறந்திருந்த கதவு வட்டிக்காரன் வீட்டுக் கதவு ஒன்றுதான்.

கொடுவட்டியைச் சட்டத்தால் தடுப்பது நன்றே. ஆயினும் தெஜார்தேனின் சிந்தனை அதற்கு அப்பாலும் சென்றது. வட்டிக்காரனின் கதவை அடைத்துவிட்டால் ஏழைக்கு வேறு கதவு ஏது? அந்த வேறு கதவைத் திறப்பதே தம் கடமை என்று அவர் கருதினார்.

மூன்றாண்டுப் படிப்பு

நல்லெண்ணம் தோன்றிய மறுநாளே சங்கம் தொடங்கி, மறு ஆண்டே மூடிவிடுவோர் உளர். தெஜார்தேன் அவ்வாறு செய்தாரில்லை. நாடாளுமன்ற நூலகத்தில் அமர்ந்து மூன்றாண்டுகள் படித்தார். ஆங்கிலேயரான ஹென்றி உல்ஃப் என்பார் ஐரோப்பாவின் மக்கள் வங்கிகளைப் பற்றி எழுதிய நூல் அவருக்கு வழிகாட்டியாயிற்று. நூலாசிரியருக்கே கடிதம் எழுதினார். இத்தாலியிலும் பிரான்சிலும் இத்துறையில் உழைத்த பெருமக்களுக்கும் எழுதினார்.

ஜெர்மனி நாட்டில் ரைஃபைசன் என்பார் உழவர்க்காகவும், ஷுல்ட்சே டெலிட்ச் என்பார் நகரத்துக் கைவினைஞர்க்காகவும் கடன் சங்கங்கள் அமைத்திருந்தனர். இத்தாலியில் லுசாத்தி என்பார் 1865-இல் மிலான் நகரில் மக்கள் வங்கி கண்டார். ரைஃபைசன் முறையில் சங்கத்தின் கடனுக்கு ஒவ்வோர் உறுப்பினரும் தம் முழுச் சொத்தையும் ஈடாக வைத்தல் வேண்டும். கியூபெக் மக்கள் இதனைக் கண்டு அஞ்சுவர் என்று தெஜார்தேன் உணர்ந்தார். ஆகவே உறுப்பினரின் பொறுப்பு அவர் செலுத்திய பங்குத் தொகையளவே என்றும், விலகுவோர் தம் பங்கைத் திரும்பப் பெறலாம் என்றும் விதி வகுத்தார். பிற நாட்டு முறையை அப்படியே பெயர்த்து நடாமல், தம் மண்ணுக்கேற்பப் பதியமிட்டார் எனலாம்.

இவ்விடத்தில் நம் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தியொன்று உண்டு. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், சென்னை மாகாண அரசின் பணிப்பில் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியும் இதே ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1895-லும் 1897-லும் வெளியான அவரது அறிக்கை, நம் நாட்டு உழவர்க்கும் ரைஃபைசன் வழியே ஏற்றது என்றது. 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. ஒரே ஊற்றின் நீர் கனடாவின் பனிநிலத்துக்கும் நம் செம்மண்ணுக்கும் ஒருங்கே பாய்ந்தது வியப்பன்றோ!

மக்கள் பெட்டி

1900-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் மாலை, லெவி ஊரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடினர். தெஜார்தேன் வகுத்த விதிகளை ஏற்று உறுப்பினராயினர். பிரெஞ்சு மொழியில் 'கேஸ் பொப்புலேர்' என்று அதற்குப் பெயரிட்டனர். 'மக்கள் பெட்டி' என்று நாம் அதனைத் தமிழில் வழங்கலாம்.

பங்கு ஒன்றின் விலை 5 டாலர். அன்றைய தொழிலாளிக்கு அது சிறு தொகையன்று. ஆதலின் வாரம் பத்து சென்ட், அதாவது பத்துக் காசு, செலுத்தினால் போதும் என்று வைத்தனர். ஐம்பது வாரங்களில் பங்கு அவனுக்குச் சொந்தமாகும். 1901 ஜனவரி 23-ஆம் நாள் முதன்முறையாகப் பணம் வசூலிக்கப்பட்டது. அன்று சேர்ந்த மொத்தத் தொகை 26 டாலர் 40 சென்ட்! பெருவங்கிகளின் தலைவர்கள் அதனைக் கேட்டிருந்தால் நகைத்திருப்பர். ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளை ஆண்டவர் எவ்வாறு மதித்தார் என்பதை அறிந்த நாம் நகைக்கமாட்டோம்.

மக்கள் பெட்டியின் விதிகள் எளியவை, ஆயின் ஆழமானவை. கடன் உறுப்பினர்க்கு மட்டுமே. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருப்பினும் அவருக்கு ஒரே வாக்கு. செயற்குழு ஒன்று, கடன் மனுக்களை ஆராயும் குழு ஒன்று, கணக்குகளைக் கண்காணிக்கும் குழு ஒன்று என மூன்று குழுக்கள். அவற்றில் இருப்போர்க்கு ஊதியமில்லை. கடன் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதைச் சொல்லல் வேண்டும். கறவை மாட்டுக்கோ, தொழிற் கருவிக்கோ, குளிர்கால விறகுக்கோ, கொடுவட்டிக் கடனை அடைப்பதற்கோ எனில் கிடைக்கும். வீண் ஆடம்பரத்துக்கு எனில் கிடையாது.

ஈடு? அதுதான் புதுமை. நிலமும் நகையும் இல்லாதவனுக்கு அவன் நேர்மையும் உழைப்புமே ஈடு. நேர்மையை அளப்பது எங்ஙனம் என்று கேட்கலாம். ஒரே ஊரில், ஒரே கோயிலில், ஆண்டாண்டாக அடுத்தடுத்து அமர்ந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாரோ? குடித்தழிப்பவன் எவன், கொடுத்த வாக்கைக் காப்பவன் எவன் என்பதை ஊர் அறியும். கடன் வாங்கியவனும், தான் திருப்பித் தர வேண்டியது முகமறியாத முதலாளியின் பணமன்று, பக்கத்து வீட்டுக்காரனின் பத்துக் காசு என்பதை அறிவான். ஆகவேதான், கொடுத்த கடனில் ஒரு காசும் மூழ்கவில்லை என்று 1907-இல் நாடாளுமன்றக் குழுவின்முன் தெஜார்தேனால் தலைநிமிர்ந்து சொல்ல முடிந்தது.

இல்லத்தரசியே வங்கியாளர்

அவைக்கூட்டம் தொடங்கியதும் தெஜார்தேன் ஒட்டாவா செல்ல வேண்டுமே, லெவியில் வங்கியை நடத்தியவர் யார்? மனைவி தோரிமேன்தான்! பதின்மரை ஈன்ற அத்தாய், வீட்டு வேலைகளுக்கிடையே வருவோர் செலுத்தும் பணத்தை வாங்கினார், கணக்கெழுதினார், நடப்பதையெல்லாம் கணவருக்குக் கடிதமாய் எழுதினார். அதற்கென அவர் ஊதியம் பெற்றாரில்லை. மணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் செய்வதற்கும் கணவனின் இசைவு வேண்டும் என்றிருந்த அந்நாளைய கியூபெக் சட்டத்தின்கீழ், ஒரு பெண் ஊராரின் பணத்தைக் காத்து நின்றாள் என்பதைத் தாய்மார்கள் நினைவில் கொள்வார்களாக.

அவர்கள் சுமந்த பாரம் உழைப்பு மட்டுமன்று. தொடக்க ஆண்டுகளில் இவ்வங்கிக்குச் சட்ட ஏற்பு இல்லை. ஏதேனும் நட்டம் நேரின், அதற்குத் தெஜார்தேனும் உடனிருந்தோரும் தம் சொந்தச் சொத்திலிருந்து ஈடு செய்ய வேண்டியிருக்கும். மாதச் சம்பளத்தில் வாழும் பெரிய குடும்பம். ஊராரின் சேமிப்போ வாரந்தோறும் வளர்கிறது. பணம் சேரச் சேர ஆபத்தும் சேர்ந்தது! கைவிட்டுவிடலாமா என்ற சோர்வும் அவரை வாட்டியது. ஆயினும் பல ஊர்களில் புதிய வங்கிகளைத் தொடங்குவதை நிறுத்திவைத்தாரேயன்றி, லெவி மக்களின் பெட்டியை அவர் மூடவில்லை.

1906 மார்ச் திங்களில் கியூபெக் சட்டமன்றம் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றிற்று. குடும்பத்தின் தலைமேல் தொங்கிய வாள் அகன்றது. கனடா முழுமைக்கும் அத்தகைய சட்டம் வேண்டுமென அவர் தொடர்ந்து உழைத்தார். அந்நாளைய தலைமை ஆளுநர் கிரே பிரபுவும் துணை நின்றார். மக்களவை 1908-இல் அதனை ஒருமனதாக ஏற்றது. ஆனால் சில்லறை வணிகர் சங்கத்தின் எதிர்ப்பால் மேலவையில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது! அத்தோல்வி அவரை வருத்தியது; ஆனால் நிறுத்தவில்லை.

பங்குதோறும் ஒரு பெட்டி

சட்ட ஏற்புக் கிடைத்தபின் தெஜார்தேன் ஊர் ஊராகச் சென்றார். நாடாளுமன்றம் கலைந்திருக்கும் விடுமுறைக் காலமே அவருக்குப் பயணக் காலம். பங்குத் தந்தையர் அழைப்பர், ஞாயிறன்று மக்கள் கூடுவர், அவர் விளக்குவார், வங்கி ஒன்று பிறக்கும். ஒரு பங்கின் எல்லையே ஒரு வங்கியின் எல்லை என்று அமைத்தார். மக்கள் ஒருவரையொருவர் அறிந்து நம்பக்கூடிய அளவு அதுவே என்பது அவர் கருத்து. பல ஊர்களில் பங்குத் தந்தையே தலைவராகவோ மேலாளராகவோ பணியாற்றினார். தொழிலாளர் நிலை குறித்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் விடுத்த சுற்றுமடல் கொடுவட்டியின் பேராசையைக் கடிந்திருந்தது. குருக்கள் பலர் அதன் ஒளியிலேயே இவ்வியக்கத்தை நோக்கினர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மான்செஸ்டர் நகரில், ஆலைத் தொழிலாளராய்க் குடியேறியிருந்த பிரெஞ்சுக் கனடியரின் பங்குத் தந்தை பியேர் ஹெவே அவரை அழைத்தார். 1908-இல் புனித மரியாள் பங்கில் எழுந்த அச்சங்கமே அந்நாட்டின் முதல் கடன் சங்கம். மறு ஆண்டு மாசச்சூசெட்ஸ் மாநிலம் கடன் சங்கச் சட்டம் இயற்றியபோதும் அவர் ஆலோசனை நாடப்பட்டது. 1913-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் அவருக்குப் பெரிய புனித கிரகோரியார் பெயரால் வழங்கும் விருதை அளித்துச் சிறப்பித்தார்.

ஆனால் ஓய்வறியா உடல் நலிந்தது. சிறுநீரக நோய் பற்றியது. படுக்கையில் கிடந்தபடியும் ஊர்தோறுமுள்ள மேலாளர்க்குக் கடிதங்கள் விடுத்து அறிவுரை கூறினார். தனித்தனியே நிற்கும் வங்கிகள் ஒரு கூட்டமைப்பாக இணைந்து, ஒன்றையொன்று தணிக்கை செய்து தாங்க வேண்டும் என்பது அவரது இறுதி ஆசை. அது நிறைவேறுமுன்னரே, 1920 அக்டோபர் 31-ஆம் நாள், லெவியில் அவர் கண் மூடினார். அப்போது இயங்கி வந்த வங்கிகள் ஏறத்தாழ 140. உறுப்பினர் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். கணவருக்குப்பின் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த தோரிமேனின் சொல்லை இயக்கத்தார் மதித்துக் கேட்டனர். அவர் மறைந்த 1932-ஆம் ஆண்டிலேயே வட்டாரச் சங்கங்கள் இணைந்து மாநிலக் கூட்டமைப்பாயின. தெஜார்தேன் பெயர் தாங்கிய அந்நிறுவனம் இன்று வட அமெரிக்காவின் மிகப் பெரிய கூட்டுறவு நிதி அமைப்பாக விளங்குகிறது. அதன் தலைமையகம் இன்னும் அதே லெவியில்தான். வங்கி நடந்த அவ்வில்லமும் நினைவில்லமாய்ப் போற்றப்படுகிறது.

நமக்கு என்ன?

இவ்வரலாற்றைப் படித்து, நல்ல மனிதர் என்று சொல்லி ஏட்டை மூடிவிடலாமா? நம் குடும்பங்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆயினும் கந்துவட்டி ஒழிந்ததா? திருமணம், புதுநன்மை விருந்து, கல்லூரிக் கட்டணம், திடீர் நோய் என ஏதோ ஒன்று ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளுகிறது. இன்று கைபேசியிலேயே சில நொடிகளில் கடன் வருகிறது. பின்னர் அதே கைபேசியில் மிரட்டலும் வருகிறது. சட்டம் ஒரு கதவை அடைக்கும். மறு கதவைத் திறப்பது நாமேயன்றோ? தெஜார்தேன் கண்ட உண்மை இதுவே.

பிச்சையிடுதல் வேறு; நம்பிக் கடன் கொடுத்தல் வேறு. பசித்தவனுக்குச் சோறிடுவது நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் உழைக்கும் கையுள்ளவன் சோறு கேட்கவில்லை. தன்னை ஒருவர் நம்ப வேண்டும் என்றே கேட்கிறான். பத்துக் காசு செலுத்திய தொழிலாளி அந்தப் பெட்டியின் முன் கையேந்தி நிற்கவில்லை, உரிமையாளனாய் நின்றான்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. நம்பிக்கை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். தெஜார்தேன் தம் ஊராரை நம்பினார். ஆயினும் கண்காணிக்கும் குழுவை வைத்தார். ஏட்டில் ஒவ்வொரு காசையும் எழுதச் செய்தார். நம்மிடையே தொடங்கிய சீட்டுகளும் சங்கங்களும் எத்தனை, கணக்கு ஒழுங்கின்றிக் கசப்பில் முடிந்தன! நம்மவர்தானே என்று கணக்குக் கேளாமல் விடுவது அன்பன்று. அவரைச் சோதனையில் தள்ளுவதாகும். கணக்குக் கேட்டால் மனம் நோவாரோ என்று அஞ்சுவோர், கேளாமல் விட்டதால் முறிந்த உறவுகளை எண்ணிப் பார்ப்பாராக.

நம் அன்பியக் கூட்டங்களிலும் மகளிர் குழுக்களிலும் இத்திங்கள் ஒரு கேள்வியை எழுப்பிப் பாருங்கள். நம் பங்கில் இன்று இரவு வட்டிக்கு அஞ்சித் தூங்காதிருக்கும் குடும்பம் எது? அக்குடும்பத்தின் பெயர் நமக்குத் தெரியவில்லையெனின், நாம் இன்னும் ஒருவரையொருவர் அறியவில்லை என்பதே பொருள். பெயர் தெரியுமாயின், அடுத்த கேள்வி தானே எழும்: நம் ஒவ்வொருவரிடமும் உள்ள பத்துக் காசு எங்கே?